முப்பதாவது தாள்

மணி மூன்று இருபது. அஞ்சு மணிக்குப் பல்கலைக்கழகத்தின் இணையதளம் மூடிவிடும். அஞ்சு மணிக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் மனிதரும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அதே அஞ்சு மணிக்குத்தான் இந்த மனநலக் காப்பகத்தின் கேட்டையும் வெளியாட்களுக்குச் சாத்துவார்கள். எல்லாருக்கும் அஞ்சு மணிதான் கிடைத்ததா? ஒருத்தர் அஞ்சரை என்று வைத்திருந்தால் யார் குடி முழுகியிருக்கும்? நான் ஆபீஸ் வாசலில் கால் ஆடுகிற இந்த பெஞ்சில் மடியில் முப்பது தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். காற்று வேறு. ஆடி பிறக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது, அதற்குள் வேடசந்தூர் மண்ணையெல்லாம் வாரி என் பல்லுக்குள் போடுகிறது. தாள் பறக்காமல் இருக்க உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்திருக்கிறேன். முப்பது சனிக்கிழமை, முப்பது தாள், இருநூற்று நாற்பது மணி நேரக் களப்பணி. ஒவ்வொன்றிலும் மேலே என் பெயர், தவமணி, முதுகலை சமூகப்பணி, இணையவழி, இரண்டாம் ஆண்டு. ஒவ்வொன்றிலும் கீழே வலது மூலையில் ஒரு கட்டம், மேற்பார்வையாளர் கையெழுத்தும் முத்திரையும். முப்பது கட்டமும் காலி. காப்பகத்தை நடத்துகிற ஞானசேகர் சார் கையெழுத்துப் போட ரெண்டு நிமிஷம், நான் செல்போனில் படம் பிடித்து ஏற்ற இருபது நிமிஷம். அவ்வளவுதான் வேலை. அதற்கு ஒரு நிபந்தனை போட்டார் பாருங்கள், சிரித்துக்கொண்டே, டீ வேணுமாம்மா என்று கேட்டுவிட்டு. "சாந்தி மூணுகிட்ட நீங்க ஒரு பேப்பர் கொடுத்திருக்கீங்கல்ல, அதை வாங்கிட்டு வந்து என் கையில கொடுங்க. முப்பதுலயும் போட்டுத் தர்றேன். இல்லன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." அடுத்த வருஷம். வாயில் எவ்வளவு லேசாக வருகிறது. இந்த வருஷம் பட்டம் வந்தால்தான் ஆலோசகர் வேலைக்கு மனுப் போட முடியும், அதற்கு வயது வரம்பு நாற்பது, எனக்கு ஆவணி வந்தால் முப்பத்தொன்பது முடிந்து நாற்பது தொடங்குகிறது. அடுத்த ஜூலையில் பட்டத்தை வாங்கி, அடுத்த ஆவணிக்குள் எவன் வேலை கொடுக்கப் போகிறான். பட்டத்தை லேமினேட் செய்து என் இ-சேவை மையத்துச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம், வருமானச் சான்றுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும்.

டீ வந்துவிட்டது. குடிக்க மாட்டேன். குடித்தால் அவருக்குக் கடன்பட்ட மாதிரி ஆகிவிடும். ஆனால் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, வயிறு இழுக்கிறது, சரி ஒரு வாய். ஆறிப்போன டீ. பாலாடை உதட்டில் ஒட்டுகிறது. எனக்கு இந்தப் படிப்பு தேவையா என்று வீட்டுக்காரர் கேட்டபோது எவ்வளவு வீறாப்பாகப் பதில் சொன்னேன். "பட்டம் வாங்கி யாரைத் திருத்தப் போற?" என்றார். ஊரைத்தான் என்றேன். ஊரைத் திருத்த வந்தவள் பெஞ்சில் உட்கார்ந்து பல்லில் மண்ணைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். ரெண்டு வருஷம், வாரத்தில் நாலு சாயங்காலம், மையத்தைப் பூட்டிவிட்டு அந்தக் கம்ப்யூட்டரிலேயே வகுப்பு. சின்னச் சின்னக் கட்டங்களில் நாற்பது முகம், பாதி முகம் இருட்டு, பேராசிரியை கேட்குதா கேட்குதா என்றே கால் மணி நேரம் ஓட்டுவார். களப்பணி என்று வந்ததும் எங்கள் வாட்ஸப் குழு கலகலத்துப்போனது. எங்கே போவது, யார் சேர்த்துக்கொள்வார்கள்? நேரில் படிக்கிற பிள்ளைகளைக் கல்லூரியே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வரும். நாங்கள் அநாதைகள், நாங்களே இடம் தேடி, நாங்களே கெஞ்சி, நாங்களே வாசலில் நின்று செல்ஃபி எடுத்து, படத்தின் மூலையில் அட்சரேகை தீர்க்கரேகை விழுகிற மாதிரி ஏற்ற வேண்டும். நாமக்கல் ரெஜினா அதையும் செய்யவில்லை. அவளுடைய பெரியப்பா ஒரு டிரஸ்ட் வைத்திருக்கிறார், ஒரே உட்காரலில் முப்பது தாளிலும் கையெழுத்து. "பேனாவை மாத்தி மாத்திப் போடச் சொல்லுங்கடி, ஒரே மையா இருந்தா கண்டுபிடிச்சிருவாங்க" என்று எங்களுக்கெல்லாம் யோசனை வேறு. மதியமே அவள் ஏற்றிவிட்டாள், குழுவில் பச்சை டிக் படம் போட்டிருக்கிறாள், கீழே இருபது பேர் கைதட்டுகிற பொம்மை. நானும் ஒரு பொம்மை போட்டேன். எதற்குப் போட்டேன்? கை தன்னால் போட்டது. போகாதவளுக்குப் பச்சை, முப்பது வாரம் ரெண்டு பஸ் மாறி வந்தவளுக்கு ஆறிய டீ. வந்து என்ன செய்தேன் என்று கேட்டால் அதுவும் வயிற்றெரிச்சல்தான். முதல் ரெண்டு மாசம் நன்றிக் கடிதம் டைப் செய்தேன். பிறந்தநாளுக்குச் சாப்பாடு போடுகிறவர்கள் காரில் வருவார்கள், இங்கே இருக்கிற அறுபது பெண்களையும் ஹாலில் வரிசையாக உட்கார வைத்து முகம் தெரியாத ஒரு பிள்ளைக்கு ஹேப்பி பர்த்டே பாடச் சொல்வார்கள், கைதட்டி முடிந்த பிறகுதான் இலை. நான் பேனரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இதை எப்படி சார் எழுதுறது என்று கேட்டேன். குழுப்பணின்னு எழுதிக்கங்க என்றார். எழுதினேன். நாலாவது தாளிலிருந்து ஒன்பதாவது தாள் வரை குழுப்பணி. என் கையெழுத்திலேயே இருக்கிறது, அதை அழிக்கவா முடியும்.

மூன்று நாற்பது. அவர் உள்ளே போனில் சிரிக்கிறார். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட்டால் எனக்கும் சுளுவாக இருக்கும். ஆனால் கெட்ட மனிதரும் இல்லை. பஸ் ஸ்டாண்டில், சந்தைப்பேட்டையில், பாலத்தடியில் கிடந்த பெண்களை அள்ளிக்கொண்டு வந்து, சீழ் துடைத்து, மொட்டையடித்து, மாத்திரை கொடுத்துக் காப்பாற்றியவர்தான். "நாங்க தூக்காம விட்டிருந்தா நாய் தின்னிருக்கும்மா" என்பார். உண்மை. உண்மையைச் சொல்லியே வாயை அடைத்துவிடுகிறாரே, அதுதான் எனக்கு எரிகிறது. நாய் தின்னாமல் காப்பாற்றினீர்கள் சரி, காப்பாற்றிய பிறகு திருப்பிக் கொடுக்க வேண்டாமா? குணமானவளை எத்தனை வருஷம் வைத்துக்கொள்வது? தலைக்கு இவ்வளவு என்று மானியம் வருகிறது, தலை குறையக் கூடாது, அதுதானே விஷயம். அவள் பெயர் ஒச்சம்மா. சாந்தி மூணு இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டில் அவளைத் தூக்கினபோது வாயே திறக்கவில்லையாம். பதிவேட்டில் ஏதாவது எழுத வேண்டுமே, பேசாதவர்களுக்கெல்லாம் சாந்தி என்று போடுவது இங்கே வழக்கம், ஏற்கெனவே ரெண்டு சாந்தி இருந்தார்கள், இவள் மூணு. அதன் பிறகு இன்னும் நாலு வந்தாயிற்று. சாந்தி ஏழு வரை இருக்கிறார்கள், சாப்பாட்டு மணி அடித்தால் ஆயா நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். ரெண்டு வருஷ மருந்தில் ஒச்சம்மாவுக்குத் தெளிந்துவிட்டது. என் பேரு ஒச்சம்மா, ஊரு உசிலம்பட்டிப் பக்கம், தங்கச்சி பேச்சியம்மா ரைஸ்மில்லுக்குப் பின்னாடி குடியிருக்கா என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. ஏழு வருஷம் ஒருத்தி தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள், எழுதிக்கொள்ள ஆளில்லை. முதல் நாள் நான் நோட்டைத் திறந்து உங்க பேரு என்ன அக்கா என்று கேட்டதும் என் முகத்தைப் பார்க்கவில்லை, பேனாவைத்தான் பார்த்தாள். எழுதுவியா என்று கேட்டாள். எழுதுவேன் என்றேன். வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள், அறுபது பேருக்கு தினமும் அவள்தான் வெங்காயம், விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயிருக்கும். சம்பளமா, அதெல்லாம் கிடையாது, அதற்குத் தொழில்வழிச் சிகிச்சை என்று பெயர்.

நான் செய்த தப்பு என்ன? படித்ததைச் செய்தேன். அதுதான் தப்பு. தனிநபர் பணி என்று ஒரு பாடம், பயனாளியோடு ஐந்து சந்திப்பு, மூன்றாவது சந்திப்பில் ஒப்பந்தப் படிவம். பயனாளியின் நோக்கத்தை அவருடைய வார்த்தையிலேயே எழுதி, மாணவரும் பயனாளியும் கையெழுத்திட்டு, ஒரு நகலைப் பயனாளியிடம் கொடுக்க வேண்டும், அதுதான் அவருக்கு நாம் தருகிற மரியாதை என்று பேராசிரியை சொன்னார். நாற்பது பேரும் குறித்துக்கொண்டோம். முப்பத்தொன்பது பேர் பயனாளியின் கையெழுத்தையும் தாங்களே போட்டு வேலையை முடித்தார்கள். ஒரு முட்டாள் நிஜமாகவே நகல் கொடுத்தாள். அதையும் சும்மா கொடுத்தேனா? மையத்தில் உட்கார்ந்து தமிழில் டைப் செய்தேன். பன்னிரண்டு வருஷமாகக் கலெக்டர் ஆபீஸ் மனு டைப் செய்த கை, அதற்கு வேறு எழுத்து வராது. நடுவில் தலைப்பு, அடியில் கோடு, ஒச்சம்மாள் ஆகிய நானும் தவமணி ஆகிய நானும், ஆடி மாதத்திற்குள் ஒச்சம்மாள் தன் தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர இருவரும் சேர்ந்து முயற்சி செய்வோம் என இதன்மூலம் ஒப்புக்கொள்கிறோம், இங்ஙனம். இங்ஙனமாம். எதற்கு அந்த இங்ஙனம்? யார் கேட்டார்கள்? பார்க்கிறவர்களுக்கு அது அரசாங்க உத்தரவு மாதிரியே இருக்கும், எனக்கே அப்படித்தான் இருந்தது. ஒச்சம்மா அதை ரொட்டிக் கவருக்குள் போட்டு இடுப்பில் சொருகிக்கொண்டாள். குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லையாம். போன சனிக்கிழமை ஒரு டாக்டர் வீட்டுப் பிறந்தநாள், எல்லாரும் பாடுகிறார்கள், இவள் எழுந்து நின்றாள். "நான் தட்ட மாட்டேன். நான் வீட்டுக்குப் போற ஆளு. என்கிட்ட பேப்பர் இருக்கு." எடுத்துக் காட்டினாள். டாக்டர் சம்சாரம் வாங்கிப் படித்துவிட்டு, இவங்களுக்குத்தான் வீடு இருக்கே, அப்புறம் ஏன் இங்க வச்சிருக்கீங்க என்று சாரைக் கேட்டுவிட்டாள். நான் பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தேனா? திறக்கவில்லை. பேனரை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தேன், என் முகம் மறைகிற அளவுக்கு. அது சாருக்குத் தெரியாது. ஒச்சம்மாவுக்குத் தெரியும், அவள் பார்த்தாள்.

நான்கு ஐந்து. கை வேர்த்து மேல்தாளில் ஈரம் பட்டுவிட்டது, முதல் சனிக்கிழமை தேதி லேசாகக் கலங்கிவிட்டது. துடைத்தால் இன்னும் கலங்கும், விடு. அவர் மேல் கோபப்பட்டுக்கொண்டே இருந்தால் நேரம் போவது தெரியவில்லை, அதனால்தானோ என்னவோ விடாமல் கோபப்படுகிறேன். பதினெட்டாவது தாளை எடுத்துப் பார்க்கிறேன். இல்லச் சந்திப்பு திட்டமிடப்பட்டது. இருபத்திரண்டாவது தாள். இல்லச் சந்திப்பு திட்டமிடப்பட்டது. இருபத்தேழு. அதேதான். உசிலம்பட்டி என்ன சீமையிலா இருக்கிறது? திண்டுக்கல்லில் பஸ் ஏறினால் ரெண்டரை மணி நேரம், மூணு மணி நேரம். ரைஸ்மில் எங்கே என்று கேட்டால் டீக்கடையில் சொல்லப் போகிறார்கள். ஏன் போகவில்லை? ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க வேண்டியிருந்தது. மகளுக்கு டியூஷன். ஒருநாள் கிளம்பிவிட்டேன்கூட, பஸ் ஸ்டாண்டு வரை போய், மாதிரி வினாத்தாள் நகல் எடுக்க வேண்டியது ஞாபகம் வந்து திரும்பிவிட்டேன். பேச்சியம்மா செத்துப் போயிருந்தால் என்ன செய்வது, இல்லை உயிரோடு இருந்து எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது, அந்தப் பயமும் உண்டு, அதை எந்தத் தாளிலும் எழுதவில்லை. இன்னொரு பயம் இருக்கிறது. அதை யாரிடமும் சொன்னதில்லை. மகள் பிறந்த நாற்பதாம் நாள் எனக்குக் கடும் காய்ச்சல், அம்மா வீட்டுக்குப் போக ஏறியவள் தப்பான பஸ்ஸில் ஏறி ஒட்டன்சத்திரத்தில் இறங்கிவிட்டேன். பிள்ளை வீட்டில். மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்து ஒட்டுகிறது, சந்தையில் காய்கறி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். முட்டைகோஸ் அழுகிய வாடை. ஒரு பெண் வந்து உன் பேரு என்னம்மா என்று கேட்டாள். எனக்கு வரவில்லை. நாக்கில் இருக்கிறது, வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, பத்து நிமிஷமா, ஒரு மணி நேரமா. அவள் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து சோடா வாங்கிக் கொடுத்து மறுபடியும் மறுபடியும் கேட்டாள். கடைசியில் தவமணி என்றேன். அவள் ஒரு தரம் கேட்டுவிட்டுப் போயிருந்தால்? வேறு யாராவது என்னைத் தூக்கி வண்டியில் போட்டிருந்தால்? சாந்தி என்று எழுதியிருப்பார்கள். நானும் இந்த ஹாலில் உட்கார்ந்து எவன் பிள்ளைக்கோ கைதட்டிக்கொண்டிருப்பேன், என் மகள் எங்கேயோ வளர்ந்திருப்பாள். நினைத்தால் இப்போதும் மார்பு கனக்கிறது. பதினாலு வருஷம் ஆகிறது.

நான்கு இருபது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "என்னம்மா, இன்னும் இங்கயே உக்காந்திருக்கீங்க? நான் உங்களைக் கஷ்டப்படுத்தணும்னு சொல்லல. ஒரு அதிகாரி ஆய்வுக்கு வந்து அந்தப் பேப்பரைப் பாத்தா, பேரு தெரியும், ஊரு தெரியும், ஏன் அனுப்பலன்னு கேப்பான். நான் என்ன சொல்றது?" அனுப்பிட்டோம்னு சொல்லலாமே சார் என்றேன். என் குரல்தானா அது? அவருக்குச் சிரிப்பு போய்விட்டது. "நீங்க படிக்க வந்தீங்களா, எனக்கு வேட்டு வைக்க வந்தீங்களா? இன்னைக்கோட உங்க பெர்மிஷன் முடியுது. நாளைக்கு கேட்டுக்குள்ள விட மாட்டாங்க. நாப்பது நிமிஷம் இருக்கு. நல்லபடியா முடிச்சிட்டுப் போங்க. நீங்க கேட்டா அவ கொடுத்துருவா, வேற யாரு கேட்டாலும் கடிக்க வர்றா." சரி சார் என்றேன். சொன்னேனே. சரி சார். முப்பது தாளையும் எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடக்கிறேன். நடக்கும்போதே கணக்குப் போடுகிறேன், அஞ்சு நிமிஷத்தில் வாங்கிவிட்டால் நாலரைக்குக் கையெழுத்து, அஞ்சுக்குள் ஏற்றிவிடலாம். அவளிடம் என்ன சொல்வது? ஆபீஸில் சீல் வைத்துத் தருகிறார்கள் என்று சொல்லலாம். நம்புவாள். நான் சொன்னால் எதையும் நம்புவாள். முதல் பொய் இதுவா? தங்கச்சி வீட்டுக்கு அடுத்த வாரம் போய்ப் பார்க்கிறேன் என்று எத்தனை வாரம் சொல்லியிருக்கிறேன், அதெல்லாம் பொய்க் கணக்கில் சேராதா? கால் செருப்புக்குள் மண் அரைக்கிறது. என்னையே நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

ஒச்சம்மா சமையலறைப் பின்வாசல் படியில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெங்காயம். என்னைப் பார்த்ததும் முறத்தை நகர்த்தி இடம் கொடுத்தாள். உட்கார்ந்தேன். "இன்னைக்கு சனி இல்லையே தாயி, வந்திருக்க?" என்றாள். சும்மா வந்தேன் அக்கா என்றேன். அவள் இடுப்பில் ரொட்டிக் கவர் துருத்திக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். கையை முந்தானையில் துடைத்துவிட்டு, கவரை எடுத்து, தாளைப் பிரித்து என்னிடம் நீட்டினாள். "ஒருக்கா வாசி. எழுத்து மங்குது." மங்கவில்லை, அவள் கண்தான் மங்குகிறது. வாசித்தேன். ஒச்சம்மாள் ஆகிய நானும். அந்த இடத்தில் அவள் உதடும் கூடவே அசைந்தது. இங்ஙனம் வரை வாசித்துவிட்டு மடித்தேன். தாள் என் கையில் இருக்கிறது. எழுந்து போனால் போதும். அவள் கேட்கக்கூட மாட்டாள். மணி நான்கு முப்பத்தொன்று. எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன், வாய் வேறு சொன்னது. "அக்கா, இது ஆர்டர் இல்லக்கா. நான் பரீட்சைக்காக எழுதுனது. இதை வச்சு யாரும் உங்களை வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. உங்க தங்கச்சி வீட்டுக்கும் நான் போகல. போறேன் போறேன்னு சொன்னேனே, ஒருநாளும் போகல." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அறைந்தால் அறையட்டும். அவள் ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தாள். அடுத்ததை எடுத்தாள். "தெரியும்" என்றாள். "ஆர்டர்னா சீலு இருக்கும். இதுல சீலு இல்ல. எனக்குப் பைத்தியம் தெளிஞ்சு ஏழு வருசமாச்சு தாயி." அப்புறம் ஏன் அக்கா இதை இடுப்பிலேயே வச்சிருந்தீங்க என்றேன். "வேற எதுல எம்பேரு இருக்கு?" என்றாள்.

 கோபம் வந்தது, காதுமடல் வரை சூடாக, யார் மேல் என்று பிரிக்க முடியாத கோபம். ஆபீஸில் இருக்கிறவர் மேல், பேனாவை மாற்றிப் போடச் சொன்னவள் மேல், கேட்குதா கேட்குதா என்கிற குரல் மேல், பேனரைத் தூக்கிப் பிடித்த இந்த ரெண்டு கை மேல். பன்னிரண்டு வருஷம் மனு எழுதினவள் நான். திங்கட்கிழமை மனுநாளுக்கு ஊர்ப்பட்ட பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், பட்டாவுக்கு, பாதைக்கு, செத்தவரின் பெயரை நீக்க, பிறந்ததன் பெயரைச் சேர்க்க. இவளுக்கு ஒரு மனு எழுத எனக்குத் தோன்றவில்லை. முப்பது வாரம் பாடப் புத்தகத்தைப் பார்த்துப் படிவம் நிரப்பினேன், எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்யவில்லை. அவள் தாளை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். பையில் வெள்ளைத்தாள் தேடினேன், இல்லை. மடியில் முப்பது தாள் இருக்கிறது, ஒரு பக்கம்தான் அச்சு, பின்பக்கம் வெறுமை. அடியில் இருந்தது முப்பதாவது தாள், போன சனிக்கிழமை, அதிலும் நான் குழுப்பணி என்றுதான் எழுதியிருந்தேன். அதை எடுத்துத் திருப்பினேன். எழுதிவிட்டால் இந்தத் தாளை ஏற்ற முடியாது, ஒரு தாள் குறைந்தாலும் இணையதளம் வாங்காது. நான்கு நாற்பத்திரண்டு. இன்னும் ஓடலாம். ஓடினால் கிடைக்கும். "என்ன எழுதுற?" என்றாள். "மனுக்கா. கலெக்டருக்கு. திங்கட்கிழமை நானே கொண்டு போய்க் கொடுத்து ரசீது வாங்குறேன். எழுதினவங்கன்னு கீழ எம்பேரும் போன் நம்பரும் போடுறேன். நீங்க சொல்றதைத்தான் எழுதுவேன், கையெழுத்து நீங்க போடணும்." அவள் வெங்காயத்தை முறத்தில் போட்டாள். விரலை முந்தானையில் அழுத்தித் துடைத்தாள், ஒவ்வொரு விரலாக, நிதானமாக. அந்த நிதானத்தைப் பார்க்க எனக்குப் பதறியது, சொல்லுங்க சொல்லுங்க என்று பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. உலுக்கவில்லை. ஒட்டன்சத்திரத்தில் என்னை யாரும் உலுக்கவில்லை.

அனுப்புநர் என்று எழுதினேன். "அப்படின்னா யாரு?" என்றாள். நீங்கதான் அக்கா. "நானா?" ஆமா. "அப்ப ஒச்சம்மான்னு போடு. கணவர் பேரு வேணுமா, அவரு இல்லையே. அப்பா பேரு போடு, பெரியகருப்பன்." எழுதினேன். ஊர் சொன்னாள். ஊரை மட்டும் சொன்னால் போதாது என்று நினைத்தாளோ என்னவோ, பஸ்ஸை விட்டு இறங்கினால் எந்தக் கைப்பக்கமாக நடக்க வேண்டும், எந்த இடத்தில் கால்வாய், மில்லில் எத்தனை மணிக்கு உமி ஊதுவார்கள் என்று எல்லாம் சொன்னாள். மனுவில் இதெல்லாம் எழுத மாட்டார்கள். எல்லாவற்றையும் எழுதினேன். தங்கச்சிக்குக் கல்யாணம் ஆனபோது இவள் பின்னிக் கொடுத்த ஒயர்கூடை பச்சையா நீலமா என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். நான் காத்திருந்தேன். ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது, கேட் பக்கம் கொஞ்சம் நின்றது, ஹாரன் ஒரு தடவை அடித்தது, எனக்காகத்தான். பிறகு போய்விட்டது. மடியில் கிடந்த செல்போன் அதிர்ந்தது, குழுவில் யாரோ, மூடிட்டாங்கப்பா, எல்லாரும் போட்டாச்சா என்று கேட்டிருந்தார்கள். திரையைக் கவிழ்த்து வைத்தேன். வாட்ச்மேன் கேட்டிலிருந்து, "வெளியாளு யாரும் இருக்கீங்களா?" என்று கத்தினார். ஒச்சம்மா பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"நேரமாயிருச்சா தாயி?"

"இல்லக்கா. சொல்லுங்க."